தம்பி உயரத்துக்கு ஒரு பெட்டி

அன்று காலை பட்டறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: பெரியக்கா, அவளுக்கு அடுத்தவன் நடுவன், கடைக்குட்டி சின்னவன், நடுவனின் மனைவி, இறந்துபோன பஸ் ஓட்டுநரின் மனைவி, அந்த அம்மாளின் கூடப்பிறந்த தங்கை. ஓட்டுநரின் தம்பி வாசலுக்கு வெளியே, தெருவில் நின்றார், உள்ளே வரவில்லை. கோவில் காரியங்களைப் பார்க்கும் பேரவையின் செயலாளர் அவர்தான். யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் உண்டு. பின்னால் இந்த விஷயத்தைப் பற்றி நீட்டி முழக்கியவர்கள் அத்தனை பேரும் அன்று அங்கே இல்லாதவர்கள்.

அந்தப் பட்டறையில் செய்வது சவப்பெட்டி. வீட்டில் பெட்டி என்று மட்டும் சொல்வார்கள். அப்பா தொடங்கியது. அவருக்குப் பிறகு நடுவன் பலகை அறுத்து இழைக்கிறான், சின்னவன் பாலிஷ் போடுகிறான், நடுவனின் மனைவி ஜன்னலோரத் தையல் மிஷினில் உள்துணி தைக்கிறாள். பெரியக்கா எல்லாவற்றையும் பார்க்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளாமல், முதுகு வளையாமல், அறுபதைத் தாண்டியவள். ஊருக்கே அவள் பெரியக்கா. தெருவில் பேசிக்கொண்டு வருகிறவர்கள் பட்டறை வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வதும், சிலர் எதிர்ப்பக்கம் மாறி நடப்பதும் அவளுக்குப் பழக்கம். பழக்கம் என்பதால் வலிக்காது என்று அர்த்தமில்லை.

அப்பா வைத்துவிட்டுப் போன முறை ஒன்று உண்டு. பெட்டி சொல்ல வருகிறவர்களை முதலில் உட்காரவைக்க வேண்டும். நாடாவைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி: "அவருக்கு எதுல சந்தோஷம்?" என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி, கடைசியில் யார் பக்கத்தில் இருந்தார்கள், எதையும் கேட்கக் கூடாது. அதையெல்லாம் வழிநெடுகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துதான் வந்திருப்பார்கள். இதை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சிலர் விழிப்பார்கள், சிலர் முறைப்பார்கள், பலர் சொல்லிவிடுவார்கள். சொன்னது எதுவானாலும் பட்டறை வாசற்படியைத் தாண்டக் கூடாது. இது இரண்டாவது விதி. அந்தக் குடும்பத்தில் இதை மீறியவர் கிடையாது.

பெரியக்கா அதைக் கேட்டதும் ஓட்டுநரின் மனைவி கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"எதுல சந்தோஷமா? உயரமா இருக்கறதுல" என்றார்.

நடுவன் பென்சிலைக் காதில் செருகினான். "நல்ல உயரமாம்மா?"

"எங்க! என் காது வரைக்கும் வருவார்."

"அக்கா!" என்று தங்கை அதட்டினாள்.

"என்னடி அக்கா? இவங்க அளவெடுக்கணும். இங்கேயும் பொய்யா சொல்ல முடியும்?" அந்த அம்மாள் நடுவன் பக்கம் திரும்பினார். "அவர் தம்பி வெளியில நிக்கறாரே, பாத்தீங்கல்ல? பனை மரம். மீசை முளைக்கறதுக்கு முன்னாடியே அண்ணனைத் தாண்டி வளந்துட்டாராம். அதை இவரால கடைசி வரைக்கும் செரிக்க முடியல. எங்க கல்யாண போட்டோல இவர் கால் தெரியாது. முன்னாடி பூந்தொட்டி இருக்கும். அந்தத் தொட்டிய யார் தூக்கிட்டு வந்து வெச்சதுன்னு நினைக்கறீங்க? மாப்பிள்ளையே!"

சின்னவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

"தொட்டிக்குப் பின்னாடி செங்கல். அப்புறம் ஷூவுக்குள்ள அட்டை. தினமும் டெப்போவுக்கு அட்டை மேல ஏறித்தான் போவார். எனக்குத் தெரியாதுன்னு அவருக்கு நினைப்பு. அட்டை நைஞ்சு போனா நானே புதுசு வெட்டி வெச்சிடுவேன். அவர் கேட்டதில்ல, நான் சொன்னதில்ல. ஒரு தடவை தடிமனா வெட்டிட்டேன் போல. அன்னிக்கு வீட்டுக்கு வந்து, 'இந்த வயசுலயும் எனக்கு வளத்தி இருக்குடி'ங்கறார்!"

முதலில் சிரித்தது அந்த அம்மாள்தான். பிறகு அதட்டிய தங்கை. நடுவனின் மனைவி மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சிரித்தாள். சின்னவன் பலகை அடுக்கின் மேல் சாய்ந்தே விட்டான். பெரியக்கா பல் தெரியச் சிரிக்கிற ஆள் அல்ல. அவளுடைய தோள் மட்டும் குலுங்கியது.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கறேன், செய்வீங்களா? அவர் தம்பி உயரத்துக்கே பெட்டி செஞ்சிடுங்க. இப்பவாவது சரிசமமா இருக்கட்டும். தம்பிக்கு மட்டும் தெரிய வேணாம். அவர் முன்னாடி எங்க வீட்டுக்காரர் குட்டையாகிடக் கூடாது."

நடுவன் பெரியக்காவைப் பார்த்தான். ஆளின் அளவைத் தவிர வேறு அளவில் அந்தப் பட்டறையிலிருந்து ஒரு பெட்டியும் வெளியே போனதில்லை. அளவுதான் அவர்களுடைய பேர். பெரியக்கா கொஞ்சம் யோசித்தாள். தலையசைத்தாள்.

சின்னவன் வாசல்வரை போய், தெருவில் நிற்பவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். செயலாளர் எப்போதும் தோளைக் குறுக்கி, கழுத்தை முன்னால் நீட்டி நிற்பார். வில்லு என்று ஊரில் பட்டப்பெயர். "வளைவோட சேத்து அளக்கவா, நிமித்தி வெச்சு அளக்கவா?" என்றான். மறுபடி ஒரு சிரிப்பு கிளம்பியது.

அந்தச் சிரிப்புதான் தெருவரைக்கும் போனது.

*

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக் காலம் தொடங்கினால் கோவிலில் பீடத்துக்குப் பக்கத்தில் பச்சை இலை வளையம் வைப்பார்கள். நான்கு மெழுகுதிரி, மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிற்றுக்கு. காத்திருப்பின் நடுவில் மகிழ்ச்சிக்கு என்று ஒதுக்கிய ஞாயிறு அது. வளையத்தைத் தாங்கும் மரத்தாங்கியை அப்பா செய்து கொடுத்த வருஷத்திலிருந்து, அந்த மூன்றாம் மெழுகுதிரியை ஏற்றுவது பெட்டிக்கார வீடு. அப்பா ஏற்றினார். அவருக்குப் பின் பெரியக்கா.

முதல் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது செயலாளர் படியில் நின்றுகொண்டிருந்தார். அண்ணனை அடக்கம் செய்து சில நாள்தான் ஆகியிருந்தது. முகம் இருண்டிருந்தது.

"பெரியக்கா, ஒரு விஷயம். மூணாவது மெழுகுதிரிய இந்த வருஷம் உங்க வீட்டுக்குக் குடுக்க வேணாம்னு முடிவாகியிருக்கு."

"யாரு முடிவு?"

"பேரவை."

"பேரவைன்னா கை கால் மூக்கோட ஒரு ஆள் இருப்பாருல்ல? அது யாரு?"

செயலாளர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "காரணம் உங்க வீட்டுக்கே தெரியும்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

காரணம் பெரியக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவளாகவே தெரிந்துகொண்டாள். பெட்டி செய்கிற கை, மகிழ்ச்சியின் மெழுகுதிரியைத் தொடக் கூடாது, அதுதானே? இத்தனை வருஷமும் இதைத்தானே மனசில் வைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசினார்கள்? தெருவில் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிற கால்கள் இப்போது கோவிலுக்குள்ளும் நடக்க ஆரம்பித்துவிட்டன. வீடுவரை அவள் நடந்த வேகத்துக்குத் தம்பிகள் ஓடித்தான் வர வேண்டியிருந்தது.

அந்த வீட்டில் திருவருகைக் காலத்துக்கென்று ஒரு பயிற்சி இருந்தது. அதுவும் அப்பா போட்டதுதான். பட்டறையைச் சாத்திய பிறகு சாப்பாட்டு மேஜை மேல் சின்ன வளையம் ஒன்றை வைத்து, ஆளுக்கொரு சந்தோஷம் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பார்த்ததாக இருக்க வேண்டும். நேற்றையது செல்லாது. தன்னுடையது செல்லாது; அடுத்த ஆளிடம் பார்த்ததாக இருக்க வேண்டும். "துக்கம் தானா வீடு தேடி வரும். சந்தோஷத்தை நாமதான் போய்க் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும். அதுக்குப் பழக்கம் வேணும்" என்பார். பலகையைத் தினமும் இழைத்தால்தான் கை பழகும் என்று நம்பியவர், இதையும் அப்படித்தான் நினைத்தார். இப்போது செல்லும் செல்லாது என்று தீர்ப்புச் சொல்வது பெரியக்கா.

அன்று மாலை சின்னவன்தான் தொடங்கினான். "எதிர்வீட்டு நாய் சுத்திச் சுத்தி இன்னிக்கு வாலைப் பிடிச்சிடுச்சு. பிடிச்ச பிறகு என்ன பண்றதுன்னு தெரியாம அப்படியே நின்னுச்சு."

"ஆள் சந்தோஷம்தான் செல்லும்."

"அந்த நாய் மூஞ்சிய நீ பாக்கலக்கா."

"செல்லாது. வேற சொல்லு."

நடுவனின் மனைவி, பாடகர் குழுவில் ஒரு பெண் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கண்ணை மூடித் தனியாகப் பாடிக்கொண்டே போனதைச் சொன்னாள். நடுவன், ரொட்டிக்கடைக்காரர் முதல் தட்டை வெளியே எடுத்துவிட்டு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தனக்கே கை தட்டிக்கொண்டதைச் சொன்னான். இரண்டும் செல்லும்.

"உன் முறைக்கா" என்றான் நடுவன்.

பெரியக்கா வளையத்தைப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து அவள் பார்த்த முகம் ஒன்றே ஒன்று. அது செயலாளர் முகம்.

"என்னை விடுங்க."

"அப்பா இருந்தா விட்டிருப்பாரா?" என்றான் சின்னவன்.

"அப்பா இருந்தா அந்த ஆளு படியிலேயே உருண்டிருப்பான். சாப்பிடுங்க."

*

மறுநாள் பெரியக்கா கோவில் சாமியாரைப் பார்க்கப் போனாள். இஸ்திரி போட்ட உடுப்பு, இழுத்து வாரிய தலை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு. உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை.

"ஃபாதர், பெட்டி செய்யற கை மெழுகுதிரியத் தொடக் கூடாதுன்னா, அந்த வளையம் நிக்கற தாங்கியும் அதே கைதான் செஞ்சது. அதைத் தூக்கி வெளியில போடுங்க. வாசல் கதவு ரெண்டும் எங்க அப்பா இழைச்சது. அதையும் கழட்டுங்க. நீங்க உக்காந்திருக்கீங்களே அந்த நாற்காலி, அதுவும் எங்க பட்டறைதான். மிச்சப் பலகையில செஞ்சது. எதுல மிச்சம்னு கேக்காதீங்க."

சாமியார் நாற்காலியிலிருந்து தம்மையறியாமல் கொஞ்சம் எழுந்தார்.

"இந்த ஊர்ல எங்க கையால பெட்டி போகாத வீடு எது? எல்லாரையும் நாங்க கடைசியா ஒரு தடவை ஒழுங்கா படுக்கவெச்சிருக்கோம். ஒரு ஆணி வெளியில துருத்தினதில்ல. ஒரு துணி சுருங்கினதில்ல. அந்தக் கையில என்ன தீட்டு?"

"அம்மா, கொஞ்சம் இருங்க" என்றார் அவர். "உங்க தொழிலைப் பத்தி யாருமே ஒரு வார்த்தை சொல்லலையே."

பெரியக்காவிடம் பேச்சில் பாதிக்கு மேல் இன்னும் மிச்சமிருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"செயலாளர் சொன்னது வேற" என்று சாமியார் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அண்ணனுக்குப் பெட்டி சொல்லப் போன அன்னிக்கு உள்ள சிரிப்புச் சத்தம் கேட்டுச்சாம். உங்க சின்னத் தம்பி வெளியில வந்து இவரை ஏற இறங்கப் பாத்துட்டுப் போய் மறுபடி சிரிச்சாராம். சாவு வந்தா அந்த வீட்டுக்குக் கொண்டாட்டம், அவங்க போய் மகிழ்ச்சி மெழுகுதிரி ஏத்தறதான்னு கேட்டார். அது மட்டும் இல்ல. சிரிப்புல அளவையும் கோட்டை விட்டுட்டாங்க, பெட்டி நீளமாப் போச்சுன்னார். 'எங்க அண்ணன் அதுக்குள்ள குழந்தை மாதிரிக் கிடந்தார், அவரைச் சின்னவராக் காட்டிட்டாங்க'ன்னு சொல்லும்போது அழுதுட்டார்மா."

பெரியக்காவுக்கு முகம் காதுவரை சிவந்தது. அளவு தப்பு! அவள் அப்பாவின் நாடாவில் தப்பு! தொழிலை இழிவாகப் பேசியிருந்தால்கூட அவளிடம் பதில் தயாராக இருந்தது. இதற்கும் பதில் இருந்தது. ஒரே வரி. அந்த ஒரு வரியைச் சொன்னால் சிரிப்புக்கும் நீளத்துக்கும் சேர்த்துக் கணக்கு நேராகிவிடும். சொன்ன மறுநிமிஷம் ஓட்டுநர் தம்பிக்கு முன்னால் குட்டையாகிவிடுவார், என்றைக்குமாக.

"என்ன நடந்ததுன்னு சொல்லுங்க. நான் பேரவையில பேசறேன்" என்றார் சாமியார்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, ஃபாதர்."

"சிரிச்சது உண்மையா?"

"உண்மை."

"பெட்டி நீளம்?"

பெரியக்கா "வரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

*

வீட்டில் பெரிய சண்டை.

"நம்ம பேரே போகுது. இனிமே என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கு?" என்று சின்னவன் குதித்தான். "நான் போய் அந்த வில்லுகிட்ட நேராச் சொல்றேன். 'உங்க அண்ணன் ஷூவுக்குள்ள என்ன இருந்துச்சு தெரியுமா'ன்னு கேக்கறேன்."

"கேளு. கேட்டுட்டு அப்படியே வேற வீடு பாத்துக்கோ" என்றாள் பெரியக்கா.

நடுவனின் மனைவி நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "அண்ணி, அந்தம்மா மக வீட்டுக்குப் போயிருக்காங்களாம். ஒரு ஃபோன் போட்டு, சொல்லலாமான்னு அவங்களையே கேட்டா என்ன?"

"புருஷனைப் புதைச்சு ஈரம் காயல. 'எங்க மானம் போகுது, வந்து காப்பாத்துங்க'ன்னு அவங்ககிட்டப் போய்ப் பிச்சை கேக்கணுமா? இந்த வீடு அதுக்குப் பிறக்கல."

"பிச்சைன்னு யார் சொன்னா? ஒரு கேள்வி."

"ரெண்டும் ஒண்ணுதான். பேச்சை விடு."

பேச்சை வீடு விட்டது, ஊர் விடவில்லை. சாவென்றால் அவர்கள் முகத்துக்கு வெளிச்சம் வந்துவிடுகிறது என்றார்கள். குடித்துவிட்டு வேலை செய்கிறார்கள் என்றார்கள். அந்த வீட்டில் குடிப்பவர் யாரும் இல்லை. சின்னவனுக்கு இருமல் மருந்து குடித்தாலே தலை சுற்றும். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தன் மாமாவுக்குப் பெட்டி சொல்ல வந்தவர், பையிலிருந்து சொந்த நாடாவை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க. ஒரு நிச்சயத்துக்கு."

நடுவனின் கையிலிருந்த இழைப்புளி நின்றுவிட்டது. பெரியக்கா அந்த நாடாவைப் பார்த்தாள். துணிக்கடையில் இலவசமாகக் கொடுக்கிற நாடா. மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடந்தது. அதை எடுத்துத் தெருவில் எறிய அவள் கை துடித்தது உண்மை. எறியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க வாத்தியாரே. உங்க மாமாவுக்கு எதுல சந்தோஷம்?"

அன்று மாலை மேஜையில் அவள் முறை வந்தபோது, என்னை விடுங்கள் என்று சொல்லவில்லை. "வாத்தியார் ரெண்டு நாடாவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தார். அவர் நாடாவுல ஒரு நூல் அளவு குறைச்சலா இருந்துச்சு. நம்மது சரியா இருக்குன்னு அவருக்கே தெரிஞ்சதும், மூஞ்சியில ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க. அது என் சந்தோஷம்."

"இது சந்தோஷமா, சவாலா?" என்றான் சின்னவன்.

"அடுத்த ஆளு மூஞ்சியில பாத்தேன்ல? செல்லும்."

பல்லைக் கடித்துக்கொண்டு சந்தோஷம் தேடுவது லேசான காரியமில்லை. ஆனால் அவள் தினமும் தேடினாள். கோபம் ஒரு பக்கம் கொதித்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அன்றைக்கு ஒரு முகமாவது மலர்ந்ததா என்று பார்த்தாள். மனசு நன்றாக இருக்கிற நாளில் மட்டும் செய்கிற காரியத்துக்கு அப்பா பயிற்சி என்று பேர் வைத்திருக்க மாட்டார். இல்லாத ஒன்றை இருப்பதாக அவள் நடிக்கவும் இல்லை. கிடைக்காத நாளில் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கிடைக்கும் வரைக்கும் தெருவைப் பார்த்தாள். ஒரு நாள் சோறு ஆறிப்போனது. யாரும் முணுமுணுக்கவில்லை.

*

மூன்றாம் ஞாயிறு பூசைக்குக் குடும்பத்தோடு போக வேண்டுமென்று பெரியக்கா சொன்னாள். முதல் வரிசையில்தான் உட்கார வேண்டும் என்றும் சொன்னாள்.

"வேற யாரோ ஏத்தறதை முன்னால உக்காந்து பாக்கணுமாக்கா?" என்றான் நடுவன்.

"பின்னால உக்காந்தா ஒளிஞ்சுக்கிட்டோம்பாங்க. நேரா உக்காந்து பாப்போம்."

கோவில் முற்றத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். பெட்டிக்கார வீடு உள்ளே நுழைந்ததும் பேச்சு அடங்கியது. அப்போதுதான் வாசலில் ஒரு வண்டி வந்து நின்று, ஓட்டுநரின் மனைவி தங்கையோடு இறங்கினார். செயலாளர் "வாங்க அண்ணி" என்று முன்னால் போனார். அந்த அம்மாள் அவரைக் கண்டுகொள்ளாமல் நேரே பெரியக்காவிடம் வந்தார்.

"நேத்து ராத்திரிதான் வந்தேன். வந்ததும் இவ எல்லாத்தையும் கொட்டினா. ஏன்க்கா சொல்லல?"

"எதை?" என்றாள் பெரியக்கா.

"எதையா! ஊரே உங்களை வாயில போட்டு மெல்லுது, நீங்க வாயத் திறக்கலையா?"

"உங்களுக்கு வார்த்தை குடுத்திருக்கோம்."

அந்த அம்மாள் செயலாளர் பக்கம் திரும்பினார். மெதுவாகப் பேசுகிற குரல் அவருக்கு எப்போதும் கிடையாது. பஸ் சத்தத்துக்கு நடுவே புருஷனோடு பேசிப் பழகிய குரல்.

"தம்பி, இங்க வாங்க. அன்னிக்குப் பட்டறையில முதல்ல சிரிச்சது நான்."

"அண்ணி, இங்க வேணாம்…"

"தெருவுல நின்னு பேச ஆரம்பிச்சது நீங்க. முற்றத்துல முடிச்சுக்கலாம். சிரிச்சது நான். உங்க அண்ணனை நினைச்சுத்தான் சிரிச்சேன். பெட்டிய நீளமாச் செய்யச் சொன்னதும் நான். உங்க உயரத்துக்குச் செய்யச் சொன்னேன்."

செயலாளருக்குப் புரியவில்லை. "என் உயரத்துக்கா? ஏன்?"

"உங்க உயரத்துக்கு வரணும்னு வாழ்நாள் பூரா ஷூவுக்குள்ள அட்டை வெச்சுக்கிட்டு நடந்தார் உங்க அண்ணன். அதுக்குத்தான்."

பெரியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ரகசியத்துக்கு உடையவர் திறந்துவிட்டார். அதற்கு அவள் பொறுப்பில்லை. ஆனாலும் இறந்தவருக்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அட்டையா?" என்றார் செயலாளர்.

"அட்டைதான். நான்தான் வெட்டிக் குடுப்பேன்."

செயலாளரின் உதடு கோணியது. அழப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தொண்டையிலிருந்து வந்தது சிரிப்பு. முதலில் சின்னதாக, பிறகு அடக்க முடியாமல். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"எனக்குத் தெரியாம போச்சே அண்ணி. தெரிஞ்சிருந்தா இவ்வளவு குனிஞ்சிருக்க வேண்டாமே!"

"என்னது?"

"அவர் பக்கத்துல நிமிந்து நின்னா மூஞ்சி வாடிடும். சின்ன வயசுலயே பாத்திருக்கேன். அதான் குனிஞ்சே நிப்பேன். அப்புறம் முதுகு அப்படியே நின்னுடுச்சு." அவர் மறுபடியும் சிரித்தார். "அவர் மேல ஏற, நான் கீழ இறங்க… எங்கேயாவது நடுவுல ஒண்ணா இருந்திருப்போம், இல்லையா அண்ணி?"

அந்த அம்மாள் கைக்குட்டையை அவரிடம் நீட்டினார்.

செயலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரியக்காவிடம் வந்தார். "பெரியக்கா, என்னை மன்னிக்கணும்."

"அது இருக்கட்டும்" என்றாள் பெரியக்கா. குரலில் இளக்கம் இல்லை. "அளவு?"

"என்னக்கா?"

"அளவு தப்புன்னு ஊர் முழுக்கச் சொன்னீங்கல்ல? இப்ப ஊர் முன்னாடி சொல்லுங்க. அளவு சரியா, தப்பா?"

"சரிக்கா."

"அவங்களுக்குக் கேக்கல."

"அளவு சரி!" என்று செயலாளர் முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "வேற ஆள் யாரும் கிடைக்கல. கேட்டவங்க யாரும் உங்க இடத்துக்கு வர ஒத்துக்கல."

பூசையில் பெரியக்கா ரோஜா நிற மெழுகுதிரியை ஏற்றினாள். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது பிடித்தது. திரும்பி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தபோது, அவளுடைய கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். வாத்தியாரின் நாடா அவள் கண்ணுக்குள்ளேயே கிடந்தது. ஆனால் கோபத்துக்குப் பக்கத்தில் வேறொன்றும் இருந்தது. தினமும் இடம் போட்டு வைத்திருந்ததால் வந்து உட்கார அதற்கு வசதியாக இருந்தது.

மாலையில் மேஜை மேல் சின்ன வளையத்தைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். யாரும் கேட்பதற்கு முன்னால் பெரியக்கா சொன்னாள்.

"கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தோம்ல? வில்லு நிமிந்து நின்னார். பின்னால இருந்த பொம்பளைக்குப் பீடம் தெரியல. அவ எட்டி எட்டிப் பாத்தா. இவர் அசையவே இல்ல."

"செல்லுமாக்கா?" என்றான் சின்னவன்.

"செல்லும்" என்றாள். இந்தத் தடவை பல் தெரிந்தது.

இப்போது ஊரில் புதிதாக ஒரு பேச்சு உலாவுகிறது. செயலாளருக்குப் பெட்டி செய்து தரமாட்டோம் என்று மிரட்டித்தான் பெரியக்கா அந்த மெழுகுதிரியைத் திரும்ப வாங்கினாளாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பட்டறை யாருக்கும் பெட்டி இல்லை என்று சொன்னதில்லை. செயலாளருக்கும் உண்டு, நேரம் வரும்போது, நிமிர்த்தி வைத்து எடுத்த அளவில்.